ப்ளோரூம் இருந்த இடம்: ஒரு விளம்பரத் தாளை முன்வைத்துச் சில கேள்விகள்

1

சரவணம்பட்டியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நாட்களில் என் கைக்கு ஒரு விளம்பரத் தாள் வந்தது. வழவழப்பான தாள். மூடிப்போன ஒரு பஞ்சாலையின் இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வருகிறதாம். பழைய புகைபோக்கியை இடிக்காமல் நிறுத்தி வைப்பார்களாம். செங்கல் சுவர்களில் சிலவற்றை அப்படியே விட்டு, உள்ளே கண்ணாடி போட்டு, ஆட்கள் வந்து போகிற பொது இடங்களாக மாற்றுவார்களாம். ஒரு தலைமுறை உழைத்த இடத்தில் நீங்கள் நிம்மதியாகக் குடியிருக்கலாம் என்கிற பொருளில் இங்கிலீசில் நாலு வரி. கீழே ஒரு வரைபடம்.

மில்லின் பெயரையும் கட்டுகிறவர்களின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அந்த ஒரு மில்லின் சமாச்சாரமாகச் சுருங்கிவிடும்.

தாளை எங்கய்யனிடம் காட்டினேன். அந்த மில்லில் 22 வருசம் வேலை பார்த்தவர். இங்கிலீசு தெரியாது. ஆனால் வரைபடம் தெரிந்தது. வாசலில் விரலை வைத்து ஆரம்பித்தார். "இது டைம் ஆபீசு. இது சைக்கிள் ஸ்டாண்டு. இது ரீலிங்கு, பொம்பளைங்க இருக்கற எடம். இது குடோனு." விரல் ஒரு மூலையில் போய் நின்றது. "இது எங்க ப்ளோரூமு."

அந்த மூலையில் 'கிளப் ஹவுஸ்' என்று அச்சாகியிருந்தது. அப்படின்னா என்ன என்று கேட்டார். சாயங்காலம் நாலு பேர் உக்காந்து பேசற எடம் என்றேன்.

"இங்கயா? இங்க உக்காந்தா மூச்சு வாங்குமே கண்ணு" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுச் சொன்னார். அந்தத் தாளை எழுதியவர்களுக்கும் எங்கய்யனுக்கும் நடுவில் இருக்கும் தூரம் என்ன என்று யோசித்ததில் இருந்துதான் இந்தக் கட்டுரை.

2

கோயம்புத்தூர் மில்களைப் பற்றி இதுவரை சொல்லப்பட்ட வரலாறுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது முதலாளிகளின் வரலாறு. வெள்ளிவிழா மலர், பொன்விழா மலர், கல்லூரி ஆண்டு விழாப் பேச்சு என்று இது வந்துகொண்டே இருக்கும். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை, 1910இல் லட்சுமி மில், மண்ணுக்கு ஏற்ற கம்போடியாப் பருத்தி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஊருக்கு ஊர் முளைத்த மில்கள், தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிற பட்டம். எல்லாம் நடந்ததுதான், பொய்யில்லை. ஆனால் இந்த வரலாற்றில் மண் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, மூளை இருக்கிறது. கை மட்டும் இல்லை.

இரண்டாவது சங்கங்களின் வரலாறு. இதில் கை இருக்கிறது. ரங்கவிலாஸ் மில் போராட்டத்தை ஒட்டி 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரின் முன்னால் நாமும் தலை வணங்குகிறோம். எட்டு மணி நேர வேலையும் போனசும் பி.எப்.பும் சும்மா கிடைத்துவிடவில்லை. அதில் எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இந்த வரலாற்றில் வரும் 'தொழிலாளி' எந்தத் தெருவில் குடியிருந்தார்? எந்தப் பிரிவில் வேலை பார்த்தார்? ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் எந்த டீக்கடையில், எந்த டம்ளரில் டீ குடித்தார்? இதைக் கேட்டால், தோழரே ஒற்றுமையைக் குலைக்காதீர்கள் என்கிறார்கள். வர்க்கம் என்று சொல்லிக் கதவைத் திறந்தார்கள்; எங்கள் வளவு மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது.

மூன்றாவது என் கையில் இருக்கும் இந்தத் தாள். இதை வரலாறு என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் இனி வரும் தலைமுறை மில்லைப் பற்றிப் படிக்கப்போவது இதைத்தான். லட்சுமி மில்லின் பழைய வளாகத்தில் இன்று கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. பழைய கூரையையும் சுவரையும் பார்த்து ரசித்துக்கொண்டே காப்பி குடிக்கலாம். 'பாரம்பரியம்' என்கிற சொல் இப்படித்தான் நம் ஊருக்குள் வந்திருக்கிறது. இது முதலாளியையும் மறைக்கிறது, சங்கத்தையும் மறைக்கிறது. செங்கல்லை மட்டும் மிச்சம் வைக்கிறது. செங்கல் யாரிடமும் கேள்வி கேட்காது.

3

ஒரு மில் கட்டடத்தின் வரலாற்றை எழுத வேண்டுமானால் வெளிச்சுவரை விட்டுவிட்டு உள்சுவரில் இருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

ப்ளோரூம் என்பது பேல் பேலாக வரும் பஞ்சைப் பிரித்து, அடித்து, விதைத்துணுக்கும் இலைத்தூளும் மண்ணும் போகச் சுத்தம் செய்கிற இடம். மில்லில் தூசி அதிகமான இடங்களில் முதல் இடம். அடுத்தது கார்டிங். நூலாகி மேலே போகப் போகத் தூசி குறையும், கூலி கூடும், மரியாதையும் கூடும். எங்கய்யனின் கணக்குப்படி, அவர் மில்லில் ப்ளோரூமிலும் வேஸ்ட் பஞ்சுப் பிரிவிலும் கூட்டிப் பெருக்குவதிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் வளவும் பக்கத்து ஊர் வளவுகளும். ஸ்பின்னிங்கில் சைடராகப் போனவர் அவருக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர். அவரும் பதிலியாகவே பல வருசம் இருந்தார். இப்படிப் பிரிக்கச் சொல்லி எந்த ஆர்டரும் கிடையாது. மேஸ்திரி தன் ஆளைக் கூட்டி வருவார், அவர் தன் ஆளைக் கூட்டி வருவார். ஊரில் இருந்த வரிசை அப்படியே மில்லுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்து வருகிற நோய்க்கு பிஸினோசிஸ் என்று பெயர். ஆரம்பத்தில் இதற்கு ஒரு வினோதமான குணம் உண்டு. வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள்தான் நெஞ்சு அடைக்கும், மறுநாள் கொஞ்சம் லேசாகும். பல வருசம் கழித்து எல்லா நாளும் முதல் நாள் ஆகிவிடும். எங்கய்யனுக்கு இப்போது எல்லா நாளும் முதல் நாள்தான்.

பிரிவுக்குப் பிரிவு சாதி பார்ப்பது கொங்கு நாட்டின் தனிச்சிறப்பு ஒன்றுமில்லை. பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதோரைச் சேர்க்கவே மாட்டார்கள். நாடாவில் நூல் மாட்டும்போது வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. நம்மாள் வாய் வைத்த நாடாவில் சாதி இந்துத் தொழிலாளி வாய் வைக்க மாட்டான். நெசவில்தான் கூலி அதிகம். 1928இல் பம்பாயில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் அம்பேத்கர் இதை எழுப்பினார். நெசவுப் பிரிவை எங்கள் மக்களுக்கும் திறக்க வேண்டும் என்பதை உங்கள் கோரிக்கைகளில் சேருங்கள் என்று சங்கத் தலைவர்களிடம் கேட்டார். சேர்க்காவிட்டால் எங்கள் மக்கள் இந்த வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ள வேண்டாம் என்று சொல்ல நேரிடும் என்றார். வேண்டா வெறுப்பாகத்தான் சேர்த்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் சிவப்புக் கொடி பிடித்தவர்கள். முதலாளி சுரண்டுகிறான் என்பதைத் தெளிவாகப் பார்த்த கண்களுக்கு, பக்கத்து ஆளின் எச்சில் மட்டும் வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எங்கய்யனுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். மில்லை அவர் வெறுக்கவில்லை. மில்லுக்குப் போவதற்கு முன் பண்ணாடி காட்டில் வருசக் கூலிக்கு இருந்தவர். மாதம் பிறந்தால் கையில் சம்பளம் என்பதை மில்தான் அவருக்குக் காட்டியது. "மொத போனசுல சைக்கிள் வாங்கினேன். ஊர் வழியா ஏறி மிதிச்சு வந்தேன். எறங்குடான்னு ஒருத்தன் சொன்னான். ஷிப்டுக்கு நேரமாச்சுங்கன்னு சொல்லிட்டு நிக்காம வந்துட்டேன்." இதை அவர் நூறு முறையாவது சொல்லியிருப்பார். மில் சங்கு அவருக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது. அதே மில் அவர் மூச்சை எடுத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத மில் வரலாறு எதுவானாலும் பாதிதான்.

4

மில் வீடாக மாறுவதைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசினால் பெரம்பூர் பின்னி மில்லைப் பற்றிப் பேசாமல் முடியாது. பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த இரண்டு ஆலைகள். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் பக்கத்தில் இருக்கும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று இந்த மில் தொழிலாளர்களைக் கொண்டுதான் தொடங்கப்பட்டது. வாடியா, திரு.வி.க. என்று பெரிய பெயர்கள். 1996இல் மில் மூடப்பட்டது. கொஞ்ச காலம் சினிமாக்காரர்கள் சண்டைக்காட்சி எடுத்தார்கள். வில்லன் ஆட்கள் உருண்டு விழுவதற்குத் தோதான இடமாக இருந்தது. இப்போது அந்த வளாகத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்து நிற்கின்றன.

அங்கே வீடு பார்க்கப் போகிறவர்களிடம் யாரும் சொல்லப்போகாத ஒரு செய்தி உண்டு. மில்லையும் வீட்டையும் சேர்த்து வரலாறு எழுதினால், முதல் அத்தியாயம் எரிந்த வீடுகளைப் பற்றியதாக இருக்கும்.

1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சேரவில்லை, வேலைக்குப் போனார்கள். ஏன் போனார்கள் என்பதற்குக் காரணங்கள் உண்டு. மாதக்கணக்கில் பட்டினி கிடக்கத் தாங்கும் வசதி அவர்களிடம் இல்லை. வேலைக்குப் போகச் சொல்லி எம்.சி. ராஜா போன்ற தலைவர்களும் சொன்னார்கள். தங்களைச் சமமாக நடத்தாத சக தொழிலாளியை நம்பி அடுப்பை அணைக்க வேண்டுமா என்கிற கேள்வியும் இருந்தது. ஜூன் மாதக் கடைசியில் புளியந்தோப்பில் சேரிக் குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. கலவரம் மாதக்கணக்கில் நீடித்தது. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் இறந்தார்கள். நீதிக்கட்சித் தலைவர்களில் சிலர் பழியைச் சேரி மக்கள் மீதே போட்டார்கள். அரசு இவர்களுக்குச் செல்லம் கொடுக்கிறது என்றார்கள்.

இதைச் சங்க வரலாறு எப்படிச் சொல்கிறது? 'கருங்காலிகள்' என்கிற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது. நிர்வாகம் சாதியை வைத்துப் பிரித்தாண்டது என்று இன்னொரு வரி சேர்க்கும். நிர்வாகம் பிரித்தாண்டது மெய்தான். பிரிப்பதற்கு அங்கே ஏற்கனவே கோடு இருந்தது என்பதும் மெய்தானே? அந்தக் கோட்டை வெள்ளைக்காரன் போடவில்லை. வேலைக்குப் போனது சரியா தவறா என்று நாம் விவாதிக்கலாம். குடிசையைக் கொளுத்தியதை எந்தக் கொடியின் கீழ் வைத்து விவாதிப்பது?

5

மில் நிலம் யாருக்குச் சேர வேண்டும் என்கிற கேள்வியை நேராகக் கேட்டுப் பார்த்த ஊர் பம்பாய். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அந்தப் போராட்டம் முறையாக முடிவுக்கு வரவே இல்லை. மில்கள் ஒவ்வொன்றாகச் செத்தன, நிலத்தின் விலை ஏறியது. 1991இல் ஒரு விதி வந்தது. மில் நிலத்தை விற்றாலோ மாற்றிக் கட்டினாலோ ஒரு பங்கு நகரத்தின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொதுக் குடியிருப்புக்கு, ஒரு பங்கு உடைமையாளருக்கு. நல்ல விதி. 2001இல் அதில் திருத்தம் செய்தார்கள். மூன்றாகப் பிரிப்பது கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும் என்றார்கள். மில் நிலத்தின் பெரும்பகுதியில் கட்டடம்தானே இருக்கும்? பங்கு சுருங்கிப்போனது. 2006இல் உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்றது. தொழிலாளர்கள் விடாமல் போராடி, 2012இல்தான் அவர்களுக்கான வீட்டுக் குலுக்கல் என்ற ஒன்று நடந்தது. முப்பது வருசம். அதற்குள் எத்தனை பேருக்கு மூச்சு மிச்சம் இருந்திருக்கும்?

அங்கே ஒரு விதியாவது இருந்தது. அதை உடைத்தார்கள் என்று சொல்லவாவது முடிகிறது. நம் ஊரில் உடைப்பதற்கும் விதி இல்லை. 1974இல் அரசுடைமையாகி தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ் வந்த கோவை மில்கள், பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், ஸ்டேன்ஸ் தொடங்கிய அந்த முதல் மில் உட்பட, 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. பிறகு முன்போல் ஓடவே இல்லை. நகரத்தின் நடுவில் இருக்கிற இடங்கள் அவை. பொதுச் சொத்து. அங்கே என்ன வரப்போகிறது, அதில் யாருக்குப் பங்கு என்று கேட்க வேண்டிய நேரம் விளம்பரத் தாள் அச்சாவதற்கு முன்னால்தான்.

நம் ஊருக்குப் பட்டம் கொடுத்த அசல் மான்செஸ்டரில், ஆன்கோட்ஸ் பகுதியில், 1798இல் எழுந்த மர்ரே சகோதரர்களின் நூற்பாலைக்குள் இன்று மக்கள் குடியிருக்கிறார்கள். அதே சுவர், அதே சன்னல். அந்த ஊர் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்காவில் கறுப்பின அடிமைகள் பறித்தது. அந்த விசயத்தை அங்குள்ள அருங்காட்சியகங்கள் இப்போதுதான் வாய் திறந்து பேசத் தொடங்கியிருக்கின்றன. நாமும் இருநூறு வருசம் பொறுத்திருக்க வேண்டுமா?

6

மறுபடி சரவணம்பட்டிக்கு வருகிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது சத்தி ரோட்டில் சோளக்காடு பார்த்திருக்கிறேன். இப்போது ஐ.டி. கம்பெனிகள், கீரணத்தம் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம், கணபதியில் இருந்து தொடர்ச்சியாக அடுக்குமாடிகள். 2011இல் மாநகராட்சியோடும் சேர்ந்துவிட்டது. எல்லா ஊர் ஆட்களும் வந்து போகிற இடம். இங்கே சாதி யார் பார்க்கிறார்கள் என்பார்கள்.

நான் பார்த்த ஏழு வீடுகளில் ஐந்தில் கேட்டார்கள். யாரும் சாதி என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. "நீங்க எந்தூருங்க?" ஊரைச் சொன்னேன். "ஊருக்குள்ளயா, அக்கட்டயா?" ஒரு வீட்டில் அந்தம்மா மரியாதையாகக் கேட்டார்: "நீங்க எந்தக் கூட்டமுங்க?" எங்களுக்குக் கூட்டமில்லைங்க என்றேன். சரிங்க, அவர்கிட்டக் கேட்டுட்டு போன் பண்றேனுங்க என்றார். போன் வரவில்லை. தரகர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "சார், கேட்டா வேற ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சிருக்கலாமல்லங்க?"

விளம்பரத் தாளின் வரைபடத்தை மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு கட்டடத்திலும் குடியிருப்பவர்களுக்கு லிஃப்ட், வேலையாட்களுக்கும் சாமான்களுக்கும் தனி லிஃப்ட். வேலைக்கு வரும் பெண்களுக்குக் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரமாக, தனிக் கழிப்பறை. ப்ளோரூமை இடித்துவிட்டார்கள். ப்ளோரூமை உண்டாக்கிய புத்தி அப்படியே இருக்கிறது. அது புதிய வரைபடத்தில் தனக்கு வேண்டிய கோடுகளைப் போட்டுக்கொண்டுவிட்டது. நாளை அந்தக் குடியிருப்பில் எங்கள் வளவுக்கு வேலை கிடைக்கும். காலையில் தனி லிஃப்டில் ஏறிப் போய் மத்தியானம் இறங்கி வரலாம்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். பழைய மில் வீடாக மாறுகிற அதே காலத்தில்தான் கொங்கு நாட்டுப் புதிய மில்களுக்குள் 'வீடு' வந்தது. சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், கேம்ப் கூலி என்று பல பெயர். வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளைத் தெற்கு மாவட்டங்களில் இருந்து கூட்டி வந்து, மில்லுக்குள்ளேயே விடுதியில் வைத்து, மூன்று வருசம் வேலை வாங்கி, கடைசியில் கல்யாணச் செலவுக்கு என்று ஒரு தொகை. வெளியே போக அனுமதி இல்லை, போன் பேசக் கட்டுப்பாடு. அந்தப் பிள்ளைகளில் பெரும்பங்கு தலித் பிள்ளைகள் என்பதை 2011இல் வெளிநாட்டு அமைப்புகள் அறிக்கையாகப் போட்ட பிறகுதான் ஊர் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. வசதி உள்ளவர்களுக்கு மில் வீடாகிறது. நம் பிள்ளைகளுக்கு வீடே மில்லாகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் 'பாரம்பரியம்' பேசுகிறவர்களோடு நமக்குப் பேச்சில்லை.

7

குறை நம்மிடமும் உண்டு. நம் எழுத்தில் காடு இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது, தோலும் பறையும் இருக்கின்றன, ஊர்த் தெருவும் கோயில் வாசலும் இருக்கின்றன. மில் அரிதாகத்தான் வருகிறது. மில்லுக்குப் போன நம் அய்யன்மார்களை, ஏதோ ஊரைத் தாண்டித் தப்பித்துவிட்டவர்களாக நினைத்து விட்டுவிட்டோம். சங்கத்துக்காரர்கள் எழுதுவார்கள் என்று இருந்துவிட்டோம். அவர்கள் எழுதவில்லை. இப்போது கட்டடம் கட்டுகிறவர் எழுதுகிறார்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு மில்லுக்கும் வருகைப் பதிவேடு என்று ஒன்று இருந்தது. எந்தப் பிரிவில் யார், எந்த ஊர், எத்தனை வருசம் பதிலி, எப்போது நிரந்தரம் என்று அதில் இருக்கும். அதைத் தேடுங்கள். கிடைக்காத இடத்தில் ஆட்களைத் தேடுங்கள். ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் இருந்தவர்கள் அதிக நாள் இருக்க மாட்டார்கள். ரீலிங்கில் இருந்த பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள், அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. எல்லோர் கையிலும் இன்று பதிவு செய்ய ஒரு போன் இருக்கிறது. மூச்சு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரு கோரிக்கையும் உண்டு. மில் நிலம் எங்கே குடியிருப்பாக மாறினாலும் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பங்கு வீடு வேண்டும். அது சட்டமாக வேண்டும். நடக்குமா என்று கேட்காதீர்கள். பம்பாயில் ஒரு காலத்தில் விதியாகவே இருந்ததுதான்.

நான் வாடகை வீடு தேடுவதை விட்டுவிட்டேன். எங்கள் வளவிலேயே அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை போட்டு இருக்கிறோம். எங்கய்யனும் எங்களோடுதான். ஒரு நாள் ராத்திரி அவருக்கு நெஞ்சடைப்பு தணிந்து உட்கார்ந்திருந்தபோது, உங்க ப்ளோரூமுல யார் யார் இருந்தாங்க, சொல்லுங்க என்றேன். விளம்பரத் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதிலேயே எழுதலாம் என்று எடுத்தேன். வழவழப்பில் பேனா பிடிக்கவில்லை. பையன் நோட்டில் இருந்து தாள் கிழித்து எழுதினேன். 17 பெயர் வந்தது. அதில் உயிரோடு இருப்பவர்கள் 4 பேர்.